எந்தத் தலைப்பில் எழுத

ஆறாவது மாதமே சீட்டை ஏலம் கேட்டு எடுத்தேன்.
தள்ளு போகக் கைக்கு வந்தது
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
எண்ணி முடிக்கும் முன்பே அதற்கு ஆள் இருந்தது:
மகனின் வண்டிக்கு முன்பணம்,
கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம்,
மழைக்கு ஒழுகும் தளம்,
அப்புறம் யாரும் பெயர் சொல்லாத ஒன்று,
எப்போதும் இருக்கும், எப்போதும் வாயைத் திறந்து வைத்திருக்கும்.

ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலையில்
பத்தொன்பது வருடமாய்க் கணக்கெழுதுகிறேன்.
கிழங்கு வரவு, கூலி, கரண்டு, லாரி வாடகை,
தோலுரிக்கும் மிஷினுக்கு பேரிங், பெல்ட், கிரீஸ்.
மாதம் ஒரு நாள் அதற்கு ஓய்வு.
கேட்டு வாங்கித் தந்தது மெக்கானிக் பூபதி:
"நாம நிறுத்தலன்னா அதுவே நிக்கும்ங்க.
என்னைக்கின்னு நம்மகிட்ட கேக்காது."
முதலாளி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.
நான்தான் பேரேட்டில் எழுதினேன்: பராமரிப்பு.
எழுதும்போது என் இடது தோள்
வழக்கம்போல் காது வரை ஏறியிருந்தது.

சீட்டுப் பணத்திலிருந்து ஆறாயிரத்தை உருவினேன்,
திருடுகிறவளின் விரல்களோடு.
அழகாபுரத்தில் ஒரு நீச்சல் குளம்.
பெண்களுக்கு ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால்.
மூன்று மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
முழங்கால் வரை மூடும் உடுப்பு ஆயிரத்து நூறு.
ரப்பர் தொப்பி நூற்றைம்பது.
மீதி பெட்ரோல்.

பதிவு நோட்டில் பெயர்: சவுடேஸ்வரி. வயது: நாற்பத்தேழு.
சேரும் காரணம் என்று ஒரு பத்தி.
எனக்கு மேலே ஒருத்தி 'எடை' என்று எழுதியிருந்தாள்,
அதற்கு மேலே 'டாக்டர் சொன்னார்'.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
"சும்மான்னு போடுங்கக்கா" என்றாள் கோச் ஷெரின்.
போட்டேன்.
வீட்டில் அதைச் சொல்ல முடியவில்லை.
முதுகுவலிக்கு என்றேன்.
வலி என்றால் வீடு வழிவிடும்,
ஆசை என்றால் கணக்குக் கேட்கும்.

முதல் வாரம் குளத்தை நிறையக் குடித்தேன்.
இரண்டாம் வாரம் கம்பியை விடவில்லை.
பல் டாக்டருக்குப் படிக்கும் பெண்ணொருத்தி
பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி என்னைத் தாண்டிப் போவாள்,
அதே வேகத்தில் திரும்பி வருவாள்.

மூன்றாவது புதன்கிழமை ஷெரின்
என் தலைக்கடியில் உள்ளங்கையை வைத்தாள்.
"கழுத்த எங்கிட்ட குடுங்க."
கழுத்தை எப்படிக் கொடுப்பது?
சம்பளப் பட்டியல், கேஸ் சிலிண்டர், மாமியாரின் மாத்திரை,
எல்லாம் அதில்தானே மாட்டியிருக்கிறது.

எப்போது கொடுத்தேன் என்று தெரியாது.
காதுக்குள் தண்ணீர் வந்து ஊரை அணைத்துவிட்டது.
மேலே இருட்டு வெளுத்துக்கொண்டிருந்தது.
கண்ணோரத்தில் சேர்வராயன் மலை.
ஏற்காட்டுக்கு ஒரு பஸ் ஏறுகிறது.
வளைவில் அதன் வெளிச்சம் இந்தப் பக்கம் திரும்பும்,
போகும்,
மறுபடி இன்னும் கொஞ்சம் மேலே.
ஏழு எண்ணினேன். எட்டாவதில்
உள்ளங்கை அங்கே இல்லை என்று தெரிந்தது.
தெரிந்ததும் மூழ்கினேன்.
மூக்கெரிய, இருமி, இருமி,
அத்தனை சத்தமாய் நான் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மகனின் வண்டி மூன்று மாதம் தள்ளிப்போகிறது.
மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான், வைத்திருக்கட்டும்.
தளம் ஒழுகுகிறது, அடியில் குண்டான் இருக்கிறது.

ராத்திரி வீட்டுச் செலவு நோட்டை விரித்தேன்.
ஆறாயிரம்.
மருந்து இல்லை.
கல்வி என்றால் சிரிப்பார்கள்.
இதரம் என்பது பொரிகடலைக்கும் மொய்க்கும்.
பராமரிப்பு என்று எழுதி,
பூபதி நினைவு வந்து, அடித்தேன்.
பிறகு தேதி போட்டு, தொகை போட்டு,
தலைப்பு வர வேண்டிய இடத்தில்
என் பெயரை எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணல்,
பள்ளிக்கூடத்து நோட்டு அட்டையில் எழுதியது போல.
வரவா செலவா என்று இன்னும் குறிக்கவில்லை.

கொடியில் தொப்பி காயவில்லை.
நாளைக்கு ஆழமான பக்கம் என்றிருக்கிறாள் ஷெரின்.